இரண்டாவது சாவி

பெட்டி மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.

நான்கு சிப்பாய்கள் தூக்கி வந்தார்கள். கீழே இருந்த இருவர் உயர்த்தினால் மேல்முனை சுவரில் இடித்தது. மேலே இருந்த இருவர் சாய்த்தால் கீழ்முனை கைப்பிடிக் கம்பியில் மாட்டியது. போர்த்தியிருந்த கொடி நழுவியது. கை ஒழியாததால் ஒருவன் அதைப் பல்லால் கவ்விக்கொண்டான். தெருக்கதவு மூடிக்கொள்ளாமலிருக்க எப்போதும் கிடக்கும் செங்கலை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த வழியாக வந்த வெளிச்சத்தில் அவன் முகம் வெந்து சிவந்து தெரிந்தது.

"பீரோ வந்தப்பவும் இதே எடத்துலதான் நின்னுச்சு," என்றாள் இறந்தவளின் அம்மா, மூன்றாம் மாடி வாசலில் நின்றபடி. "கம்பியக் கழட்டினா போகும். அன்னைக்கு அவதான் கழட்டினா."

மருமகன் உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்த மனைவியின் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்துவந்தான். தேவைப்படவில்லை. நட்டுகளை அவள் கையால் மட்டுமே முடுக்கியிருந்தாள். விரலால் திருகியதும் வந்துவிட்டன. முழுசாக முடுக்கவில்லையா என்று அவன் அன்றைக்குக் கேட்டான். "அடுத்து தொட்டில் வரணும்ல? எத்தனை தடவ கழட்டி மாட்டுறது?" என்று சொல்லி, ஸ்பானர் முனையால் அவன் விலாவில் ஒரு குத்து வைத்தாள்.

நட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பெட்டி திரும்பியது.

அவள் ராணுவத்தில் வண்டி மெக்கானிக். கடல் தாண்டி ஒரு நாட்டில் பழைய ஆட்சி கவிழ்ந்து புதிது ஒன்று உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தது என்பதைவிட, இந்த நாட்டுப் படை இரண்டு பக்கமும் தோள் கொடுத்து உட்கார வைத்திருந்தது. அந்த அரசாங்கத்துக்கு அன்பளிப்பாக நாற்பது லாரிகள் போயின. லாரிகளோடு அவளும் போனாள். "எல்லாம் நம்ம ஊர்ல கழிச்சுக் கட்டினது. பெயின்ட் புதுசு, பிரேக்கு பழசு. கிழவனுக்கு மீசைக்கு மை போட்டு மாப்பிள்ளையாக்கி அனுப்பியிருக்காங்க," என்று போனில் சிரித்தாள். அதுதான் கடைசியாகப் பேசியது.

மறுநாள் கண்ணிவெடி என்று தகவல் வந்தது. எதிரிகள் வைத்த கண்ணிவெடி.

அதிலிருந்து அவனிடம் ஆளாளுக்கு ஏதாவது கேட்டார்கள். அவன் எல்லாவற்றுக்கும் "சரி" என்றான். பெட்டியைத் திறக்க முடியாது, சரிதானே? சரி. வீட்டில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மைதானத்துக்குக் கொண்டுபோவோம், சரியா? சரி. டெலிவிஷன்காரர்கள் வருவார்கள். சரி.

கூடத்தில் மேசையை நகர்த்திவிட்டுப் பெட்டியை வைத்தார்கள். சிப்பாய்கள் கீழே போனதும் தொடர்பு அதிகாரி வந்தார். கறுப்புக் கோட்டு. துக்க வீட்டுக்கு என்றே தனியாக ஒரு முகம் தைத்து வைத்திருப்பவர் மாதிரி இருந்தார், எங்கேயும் சுருக்கமில்லை.

"அம்மா, உங்க மகளுக்குப் பெரிய கவுரவம்," என்றார் மாமியாரிடம். "அந்த நாட்டுத் தூதர் தன் கையாலேயே பதக்கம் வைக்கிறார். புது அரசாங்கம் வெளிநாட்டுக்காரங்களுக்குக் கொடுக்கிற முதல் பதக்கம் இது."

மாமியார் பேருந்து நிலையத்தில் பயணிகள் மூட்டை காக்கும் அறையில் காலம் பூரா வேலை பார்த்தவள். எந்த மூட்டையையும் கையால் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

"பதக்கம் அங்கேருந்தா வந்துச்சு?"

"இல்லம்மா. அவங்ககிட்ட இன்னும் அந்த வசதியெல்லாம் இல்ல. இங்கதான் அடிச்சோம்."

"நம்ம லாரி, நம்ம பதக்கம், நம்ம பொண்ணு. அவங்க போட்டது என்ன?"

அதிகாரி இருமினார். "பொறுமையா இருக்கணும்மா. அது பொறந்த குழந்தை மாதிரி ஒரு அரசாங்கம். நாம கையை எடுத்தா விழுந்துடும்."

"பொறந்த குழந்தைக்கு எதுக்கய்யா நாப்பது லாரி?"

அதிகாரி மருமகனைப் பார்த்தார். மருமகன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் நாலு மூலையிலும் திருகாணி. தலையில் அரக்கு முத்திரை.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சீருடை, தோளில் துணிப்பை, ஆள் குட்டை. பெட்டியோடு துணைக்கு வந்தவள். அவன் பார்த்தது முதல் தடவை. ஆனாலும் தெரிந்துவிட்டது. மனைவி போனில் சொல்லும் 'பொடிசு' இவள்தான்: லாரிக்கு அடியில் ஊர்ந்து போக இவள் அளவுக்கு வசதியான உடம்பு பட்டாளத்திலேயே இல்லை என்பாள்.

பொடிசு பெட்டியின் பக்கம் திரும்பாமல் சுவரோரமாக வந்தாள். அதிகாரி அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். வா என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஜாக்கிரதை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"அக்காவோட சாமான், மாமா," என்று பையை அவனிடம் நீட்டினாள்.

படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் கொட்டினான். சீப்பு. பாதி தேய்ந்த சோப்பு. கைக்கடிகாரம், ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. பைக்குள் இன்னொரு பை. அதில் சுருட்டித் திணித்த வேலை உடுப்பு. பிரித்தான். முதுகு பூரா கிரீஸ் அப்பியிருந்தது, மண் ஒட்டியிருந்தது. மார்புப் பக்கம் கறுத்துக் காய்ந்திருந்தது. எங்கேயும் பொசுங்கல் இல்லை. ஒரு ஓட்டை இல்லை. பட்டன் போட்ட தொடைப் பையில் ஏதோ கனத்தது.

ஒரு லாரிச் சாவி.

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். குவாரியில் வெடித்துச் சிதறியவர்களை அந்த மேசையில் கிடத்தியிருக்கிறார்கள். உடம்புக்குள் கடுகு தெளித்த மாதிரி கல் இருக்கும். துணி என்று ஒன்று மிஞ்சாது. கடிகாரம் ஓடாது.

உடுப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, சாவியோடு சமையலறைக்குப் போனான். பொடிசு அடுப்பில் டீ வைத்துவிட்டு அது பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெடின்னாங்க," என்றான்.

பொடிசு எட்டிக் கூடத்தைப் பார்த்தாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். பாத்திரத் தொட்டியில் தண்ணீர் இரைந்தது.

"அவங்க கட்டின பையில அந்த உடுப்பு இல்ல. எரிச்சிடச் சொன்னாங்க. நான்தான் எடுத்து வெச்சேன்." குரல் வேகமாக வந்தது. "லாரி ஒப்படைக்கிற விழா, மாமா. வரிசையா நாப்பதும் நிக்குது. கீழே சிவப்புக் கம்பளம். மொதல் வண்டியில பிரேக் குழா ஒழுகி, கம்பளத்துல எண்ணெய் சொட்டுது. அந்த நாட்டு மந்திரி வர்றதுக்குள்ள நிறுத்துன்னு மேலதிகாரி சொன்னார். அக்கா அடியில போனாங்க."

"சாவி?"

"அக்கா பழக்கம் உங்களுக்குத் தெரியுமே. சாவிய உருவிப் பையில போட்டு, பட்டன் போட்டுட்டுத்தான் படுப்பாங்க. 'சாவி எங்கிட்ட, உசுரு எங்கிட்ட'ன்னு எங்க எல்லாருக்கும் அதத்தான் மொதப் பாடமா சொல்லுவாங்க. அடியில ஆள் இருக்குன்னு தெரிய ஸ்டியரிங்ல சிவப்புத் துணி கட்டினாங்க. ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டி, கியர்லதான் நிக்கும்; அதனால சக்கரத்துக்குக் கட்டை வெச்சாங்க. எல்லாம் வெச்சாங்க மாமா."

"அப்புறம்?"

"போட்டோக்காரன் வந்தான். துணி அசிங்கமா இருக்குன்னு அவுக்கச் சொன்னான். கட்டை படத்துல தெரியுதுன்னு எடுக்கச் சொன்னான். எங்க ஆளுங்களே எடுத்தாங்க. அக்கா வேலைய முடிச்சு வெளிய வந்திருப்பாங்கன்னு நெனச்சாங்களாம். பேண்டு வாசிக்கிறாங்க, அடியிலேருந்து கத்தினா கேக்குமா? மந்திரிகிட்ட வெல்வெட் பெட்டியில சாவி குடுத்தாங்க."

"எந்தச் சாவி?"

"ஒவ்வொரு வண்டிக்கும் ரெண்டு சாவி. ரெண்டாவத பெட்டியில வெச்சு ரிப்பன் கட்டியிருந்தாங்க. எங்களுக்கே தெரியாது. அந்த ஆளு படத்துக்கு நிக்கிறதோட விட்டிருக்கலாம். ஏறி உக்காந்து, கேமராவப் பார்த்துக் கையக் காட்டிக்கிட்டே திருப்பினார். கியர்ல இருந்த வண்டி. ஒரே பாய்ச்சல்."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் அணைக்கவில்லை.

"மந்திரிக்கு ஒண்ணும் புரியல. வண்டி ஓடிருச்சுன்னு எல்லாரும் கை தட்டினாங்க," என்றாள் பொடிசு.

அவன் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தான். நாள் முழுக்க அவன் ஆட்களிடம் சொல்வது மூன்றே வாக்கியம். மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க. இப்ப விடலாம். மூன்றாவதைத் தனக்குச் சொல்ல இன்னும் யாரும் வரவில்லை என்று தோன்றியது.

"அன்னைக்கே எங்க எல்லாரையும் நிக்க வெச்சு, கண்ணிவெடின்னு சொன்னாங்க. நடந்தது வெளிய வந்தா அந்த அரசாங்கம் ஊர் சிரிச்சுப் போகும், நாம செஞ்சதெல்லாம் வீண்னாங்க. வாயத் தொறந்தா ராணுவச் சிறை. எனக்கு அப்பா இல்ல மாமா, தம்பி படிக்கிறான். ஆனா உங்ககிட்ட சொல்லாம இருந்தா நான் மனுஷியே இல்ல."

மாமியார் உள்ளே வந்தாள். அடுப்பை அணைத்தாள். வழிந்த டீயைத் துணியால் துடைத்தாள். பிறகு கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"தண்ணி வீணாப் போகுது," என்றாள். துணியைப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டுப் போனாள்.

அவன் கூடத்துக்கு வந்தான். அதிகாரி ஜன்னலருகே நின்று, ஒரு தாளைப் பார்த்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"அதுல எதிரின்னு இருக்கா?"

"சார்?"

"பேச்சுல. எதிரி கொன்னான்னு இருக்கா?"

"இருக்குங்க. 'கோழை எதிரியின் வஞ்சக வெடிக்கு...' ரொம்ப உருக்கமா வந்திருக்கு சார். தூதர் படிச்சதும் நம்ம மந்திரி பேசுவார். சாயங்காலம் சபையில ஓட்டெடுப்பு இருக்கு, தெரியுமில்லையா? இன்னும் ரெண்டு பட்டாளம் அனுப்பணும். எதிர்க்கட்சிக்காரன் முரண்டு பிடிக்கிறான். உங்க மனைவியோட தியாகத்தைச் சொன்னா ஒருத்தன் வாய் தொறக்க மாட்டான்."

"எடுத்துடுங்க."

"எதை?"

"எதிரிங்கிறதை. லாரி ரிப்பேர் பண்ணப் போனா, செத்துட்டா. அவ்வளவு சொல்லுங்க. போதும்."

அதிகாரியின் முகத்தில் முதன்முறையாக ஒரு சுருக்கம் விழுந்தது. சமையலறைப் பக்கம் பார்த்தார். "யாராவது உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நான் எக்ஸ்ரே எடுக்கறவன். எலும்பு எதனால உடைஞ்சுதுன்னு பார்த்துப் பார்த்துப் பழகினவன். பெட்டியைத் தொறங்க. பார்த்துச் சொல்றேன்."

"அதுக்கு விதி இல்ல சார்."

"அப்ப எதிரின்னு சொல்லாதீங்க."

"பேச்சு அச்சாயிருச்சு சார்." அதிகாரி அவன் தோளில் கை வைத்தார். "நானும் ரெண்டு பொண்ணுக்குத் தகப்பன். உங்க நெலம புரியுது. ஆனா நாட்டு விஷயம்னா நாலும் இருக்கும். இந்த வார்த்தையில என்ன இருக்கு? போனவங்க திரும்பியா வரப்போறாங்க?"

அவன் அந்தக் கையை எடுத்து, அது அவருடையது என்பதால் அவரிடமே விட்டான். சரி என்று சொல்லவில்லை. அதை அதிகாரி கவனித்ததாகத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே சைகை காட்டினார்.

பெட்டி இறங்கியது. திருப்பத்தில் இந்தத் தடவை நிற்கவில்லை.

தெருவில் ராணுவ லாரி என்ஜினை ஓடவிட்டபடி நின்றது. பக்கப் பலகைகளில் மலர்வளையங்கள் கட்டியிருந்தார்கள். முன்னால் மோட்டார்சைக்கிள்கள், பின்னால் அதிகாரியின் கார், அதற்கும் பின்னால் டெலிவிஷன் வண்டி. எதிர்வீட்டு மாடிகளில் ஆட்கள். சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருந்தார். பெட்டியை ஏற்றிப் பின்கதவைச் சாத்தினார்கள். நான்கு சிப்பாய்களும் பக்கத்துக்கு இருவராக ஏறி நின்றார்கள்.

ஓட்டுநர் நரை விழுந்த ஆள். கீழே நின்று அவனுக்காகக் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

"நீங்க முன்னாடி உக்காருங்க, தம்பி. அக்காகிட்ட அஞ்சு வருஷம் திட்டு வாங்கின வண்டி இது. குலுங்காமப் போகும்."

"உங்களுக்கு அவ அக்காவா?"

"வயசுல நான்தான் பெரியவன். திட்டுல அவங்க."

அவன் ஏறினான். ஏறி உட்காரவில்லை. ஸ்டியரிங்குக்குக் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். என்ஜின் இரண்டு முறை உதறி நின்றது. சாவியை உருவிச் சட்டைப்பையில், நட்டுகளோடும் அவளுடைய சாவியோடும் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான்.

மோட்டார்சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி காரிலிருந்து ஓடிவந்தார். "என்ன ஆச்சு? வண்டி ஏன் நின்னுச்சு?"

"நான் நிறுத்தினேன்."

"சார், தூதர் காத்துக்கிட்டு இருக்கார். நேரடி ஒளிபரப்பு. தயவு செஞ்சு சாவியக் குடுங்க."

"அந்தப் பேச்சைக் கிழிச்சுட்டு வாங்க. குடுக்கறேன்."

"இது அரசாங்க வண்டி!"

"பெட்டியில இருக்கறது என் பொண்டாட்டி."

உரக்கச் சொல்லவில்லை. எக்ஸ்ரே அறையில் அடுத்தவர் பெயரைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் குரல் வந்தது. ஆனால் மேல் மாடிவரை கேட்டது. டெலிவிஷன் வண்டியிலிருந்து ஒருவன் கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். அதிகாரி அவனை நோக்கி வேண்டாம் என்று கையை வீசினார். அவன் நிற்கவில்லை. படம் பிடிக்கிற மாதிரி ஏதோ நடக்கிறது என்பது மட்டும் அவனுக்குப் புரிந்திருந்தது.

"சாயங்காலம் இவ பேரச் சொல்லி ரெண்டு பட்டாளம் அனுப்பறீங்க," என்றான் அவன் அதிகாரியிடம். "அதுல எத்தனை பேர் இப்படிப் பெட்டியில வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. வர்றப்ப அதுக்குக் காரணம் இவதான்னு இருக்கக் கூடாது. எங்க வீட்டுக்கு அவ்வளவுதான் வேணும்."

லாரி மேல் நின்ற சிப்பாய்கள் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடியைப் பல்லால் கவ்வியவன் மட்டும் குனிந்து தன் பூட்சைப் பார்த்தான்.

அதிகாரி ஓட்டுநர் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டாவது சாவி இருக்குமில்ல?"

"இருக்குங்கய்யா."

"எடு."

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒரு சின்னத் துணி முடிச்சு. நிதானமாக அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்பினார். சாவியை எடுத்து, துருவா அழுக்கா என்று பார்க்கிற மாதிரி ஊதி, தன் சட்டையில் துடைத்தார். அதிகாரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஓட்டுநர் அவரைத் தாண்டிப் போனார்.

"இதையும் வெச்சுக்கங்க, தம்பி," என்று அவனுடைய சட்டைப்பையில் போட்டார். பை ஒருபக்கமாகத் தொங்கியது.

அதிகாரியின் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பொடிசு வீட்டு வாசலோரம், சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

அவளைக் கடந்து மாமியார் குனிந்தாள். தெருக்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கலை எடுத்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் விலகி வழிவிட, லாரியைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். செங்கலை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். காலால் ஒரு தட்டுத் தட்டி, அது அசையவில்லை என்று பார்த்தாள்.